பதினோராவது ஆள்

தனக்குக் கைவராத வேலையை எல்லோர் முன்னிலையிலும் செய்தே ஆகவேண்டும் என்று ஒருவனைக் கட்டாயப்படுத்தும் விளையாட்டுகள் அதிகமில்லை. கிரிக்கெட் அவற்றுள் ஒன்று. பந்து வீசுவதற்காக மட்டுமே அணிக்கு எடுக்கப்பட்டவன், ஒன்பதாவது விக்கெட் வீழ்ந்ததும் துடுப்பைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கியாக வேண்டும். எதிரே ஓடிவருபவனோ வேகமாகப் பந்து வீசுவதையே தன் வித்தையாகப் பயின்றவன். ஒருவன் தன் திறமையின் உச்சியில் நிற்கிறான், மற்றவன் தன் இயலாமையின் உச்சியில் நிற்கிறான். இருவருக்கும் இடையே இருபத்திரண்டு யார் தூரமும் ஐந்தரை அவுன்ஸுக்குக் குறையாத தோற்பந்தும் இருக்கின்றன. பேஸ்போலிலும் பந்தெறிபவன் மட்டை பிடிக்கவேண்டிய நிலை இருந்தது. அமெரிக்க லீக் 1973 இலேயே அவனுக்குப் பதிலாக வேறொருவர் அடிக்கலாம் என்று விட்டுவிட்டது, தேசிய லீக்கும் 2022 இல் அதே வழிக்கு வந்தது. கிரிக்கெட் இன்னும் அந்த விடுதலையை வழங்கவில்லை.

பருத்தித்துறையிலும் அதைச் சூழ்ந்த வடமராட்சி ஊர்களிலும் கடினப்பந்து ஆட்டம் பார்த்தவர்களுக்கு இந்தப் பதினோராவது ஆளை நன்கு தெரியும். பாடசாலை அணியென்றால் அவன் பெரும்பாலும் வயதில் இளையவன். அணிக்குப் பொதுவாக உள்ள இரண்டு மூன்று தலைக்கவசங்களில் முன்னே போனவர்கள் கழற்றிக் கொடுத்த ஒன்று அவன் தலையில் இருக்கும். அது பொருந்தாமல் நெற்றிக்குக் கீழே சரிந்துவரும், அவன் ஒரு கையால் அதை நிமிர்த்தியபடி நிற்பான். அப்போது எல்லைக்கோட்டுக்கு வெளியே நிழலில் நிற்கும் யாரோ ஒருவரின் குரல் கேட்கும்: "சின்னப் பொடியன்ரா, பாத்துப் போடு!" அந்தக் குரல் பல வேளைகளில் பந்துவீசும் அணியின் ஆதரவாளருடையதாகவே இருக்கும் என்பது கவனிக்கத்தக்கது. வெற்றிக்கு ஒரேயொரு விக்கெட் தேவைப்படும் நேரத்தில், தன் அணியின் வேகப்பந்து வீச்சாளனை அடக்கி வீசும்படி ஒரு மனிதர் கேட்கிறார். அவர் கேட்பது சலுகையா, நீதியா? இக்கட்டுரையின் கேள்வி இதுதான்.

அந்த மனிதர் சட்டப் புத்தகம் படித்திருக்கமாட்டார். ஆனால் சட்டப் புத்தகம் அவர் பக்கம்தான் இருக்கிறது. கிரிக்கெட் சட்டங்களில் 2017 இன் தொகுப்பிலுள்ள 41.6 ஆம் பிரிவு, குறுகிய அளவில் விழுந்து எழும்பும் பந்துகளைப் பற்றியது. அப்பந்துகள் ஆபத்தானவையா என்பதைப் பந்துவீச்சு முனையில் நிற்கும் நடுவர் தீர்மானிக்க வேண்டும். வேகம், விழும் இடம், உயரம், திசை ஆகியவற்றோடு, எதிரே நிற்கும் துடுப்பாட்டக்காரரின் திறமையையும் அவர் கணக்கில் எடுக்கவேண்டும். அதே பிரிவு இன்னொன்றும் சொல்கிறது: துடுப்பாட்டக்காரர் பாதுகாப்பு அணிகலன் அணிந்திருக்கிறார் என்பதை நடுவர் பொருட்படுத்தக் கூடாது. தலைக்கவசம் இருக்கிறதே, போடட்டும் என்ற வாதத்துக்கு அங்கே இடமில்லை. முதல் முறை நோ போல் என்று அறிவித்து எச்சரிக்கலாம். மறுமுறையும் நடந்தால் அந்த இன்னிங்ஸில் அவர் மேற்கொண்டு பந்துவீச முடியாது.

ஆகவே ஒரே பந்து ஆரம்பத் துடுப்பாட்டக்காரருக்கு நியாயமானது, பதினோராவது ஆளுக்கு அநியாயமானது. சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது சற்று உறுத்தலாகவே இருக்கும். ஆளைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லாதே என்று நீதிபதிக்குச் சொல்கிறோம். ஆளைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லவேண்டும் என்று இந்தச் சட்டம் நடுவருக்குச் சொல்கிறது.

இதன் பின்னே ஓர் அனுபவம் இருக்கிறது. 1975 பெப்ரவரியில் ஓக்லாந்தில் இங்கிலாந்துக்கும் நியூசிலாந்துக்கும் இடையிலான டெஸ்ட் ஆட்டம் நடந்தது. நியூசிலாந்தின் கடைசி இணை தோல்வியைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தது. பதினோராவதாக வந்த யுவென் சட்ஃபீல்டுக்கு அது முதல் டெஸ்ட். பீற்றர் லீவர் வீசிய பவுன்சர் சட்ஃபீல்டின் கையுறையில் பட்டு நெற்றிப்பொட்டில் மோதியது. அவர் விழுந்தார், இதயம் நின்றது. இங்கிலாந்து அணியின் உடற்பயிற்சி மருத்துவர் பேர்னாட் தோமஸ் மைதானத்திலேயே முதலுதவி செய்து அவரை மீட்டார். தான் ஒரு மனிதனைக் கொன்றுவிட்டதாகவே நினைத்த லீவர் மைதானத்தில் அழுதார். சட்ஃபீல்ட் பிழைத்து 43 டெஸ்ட் ஆட்டங்கள் ஆடினார் என்பது ஆறுதல். ஆனால் லீவர் அந்தக் கணத்தில் எதற்காக அழுதார்? அவர் வீசியது விதிக்குட்பட்ட பந்துதான், எந்த நடுவரும் அவரைக் கண்டிக்கவில்லை. விதிக்கு உட்பட்டிருந்தும் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டதாக அவருக்கே தோன்றியிருக்கிறது. நிழலில் நின்று குரல் கொடுப்பவர் சுட்டுவதும் அந்த இடைவெளியைத்தான்.

வேகப்பந்து வீச்சாளர்களிடையே அக்காலத்தில் எழுதப்படாத ஓர் உடன்பாடு இருந்தது. நான் உனக்குப் பவுன்சர் போடமாட்டேன், நீ எனக்குப் போடாதே. இதைக் கனவான் பண்பு என்று புகழ்ந்து எழுதியவர்கள் பலர். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அது இரக்கத்தால் விளைந்ததன்று, அச்சத்தால் விளைந்தது. திருப்பி அடிக்கக்கூடியவனுக்கு மட்டுமே அந்த உடன்பாட்டில் இடம் இருந்தது. மெதுவாகச் சுழற்பந்து வீசும் கடைசி ஆளுக்கு அதில் என்ன பாதுகாப்பு? தலைக்கவசம் வந்து அச்சம் குறைந்ததும் உடன்பாடும் தளர்ந்துபோனது அதன் அடித்தளத்தைக் காட்டுகிறது. 2021 ஓகஸ்டில் லோர்ட்ஸ் மைதானத்தில் இதைக் கண்டோம். முப்பத்தொன்பது வயதான ஜேம்ஸ் அண்டர்சன் கடைசி ஆளாக நின்றபோது ஜஸ்பிரித் பும்ரா அவருக்குக் குறுகிய பந்துகளாக வீசினார். நோ போல்கள் சேர்ந்து ஒரே ஓவர் பத்துப் பந்துகள் வரை நீண்டது. பும்ரா துடுப்பெடுத்தாட வந்தபோது இங்கிலாந்து பழிதீர்க்கும் வேகத்தில் அவருடைய உடம்பையே குறிவைத்தது. நடுவர்கள் திறமையைப் பற்றிய பிரிவை எடுத்துப் பேசவில்லை. பும்ராவும் ஷமியும் ஆட்டமிழக்காமல் 89 ஓட்டங்கள் சேர்த்தார்கள், இந்தியா 151 ஓட்டங்களால் வென்றது. ஆத்திரம் ஆட்டத்தையே பறிகொடுக்க வைத்ததை எல்லோரும் ரசித்தோம். ஆனால் சட்டப் புத்தகத்தில் இருந்த காவல் அன்று உறங்கிக்கொண்டிருந்தது. எழுதப்பட்ட விதி ஒன்று, ஊதப்படும் விதி வேறொன்று.

விதி உறங்காமல் விழித்திருந்தால், அதுவும் மிதமிஞ்சி விழித்திருந்தால் என்னவாகும் என்பதைப் பார்க்க அமெரிக்கா வரை போகவேண்டும். அங்கே கால்பந்து என்று பெயர் சூட்டிக்கொண்டு, பெரும்பாலும் கையாலேயே ஆடப்படும் ஒரு விளையாட்டு இருக்கிறது. நீள்முட்டை வடிவப் பந்தைச் சுமந்தும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குக் கொண்டு போகவேண்டும், எதிரணி உடம்பால் மோதி அதைத் தடுக்கும். பந்தை எறியும் பொறுப்பு குவார்ட்டர்பேக் எனப்படும் ஒருவருக்குரியது. ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் அவர் கையிலிருந்து தொடங்குகிறது. அணியின் மூளையும் அவரே, விளம்பரப் பலகையில் உள்ள முகமும் அவரே. 2024 இல் டலஸ் அணி டக் பிரெஸ்கொட் என்ற குவார்ட்டர்பேக்குக்கு ஆண்டுக்குச் சராசரி ஆறு கோடி டொலர் என்று ஒப்பந்தம் எழுதியது.

இவரைப் பாதுகாக்க அந்த லீக் அடுக்கடுக்காக விதிகள் செய்திருக்கிறது. பந்தை எறிந்து முடித்தபின் அவரை மோதக்கூடாது. தலையிலும் கழுத்திலும் தாக்கக்கூடாது. முழங்காலுக்குக் கீழே பாயக்கூடாது. மீறினால் பதினைந்து யார் தண்டனை, அதோடு எதிரணிக்குப் புதிய வாய்ப்புத் தொடரும் கிடைக்கும். இவ்விதிகள் வளர்ந்த வரலாறு சுவையானது. 2008 செப்டெம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, தரையில் விழுந்து கிடந்த பேர்னாட் பொலாட் முன்னே தாவியதில் டொம் பிராடியின் முழங்கால் சிதைந்து அந்தப் பருவமே அவருக்கு இல்லாமல் போனது. 2009 இல், தரையில் கிடப்பவர் குவார்ட்டர்பேக்கின் கால்களை நோக்கித் தாவக்கூடாது என்று விதி வந்தது. 2017 ஒக்டோபரில் அந்தனி பார் மேலே விழுந்து ஆரன் ரொட்ஜர்ஸின் காறை எலும்பு முறிந்தது. 2018 இல், பிடித்து வீழ்த்தும்போது முழு உடற்பாரத்தையும் அவர்மேல் போடக்கூடாது என்ற பழைய வாசகத்தைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி மத்தியஸ்தர்களுக்குச் சொல்லப்பட்டது. பெயர்பெற்ற ஒருவர் காயப்பட்டால் விதி ஒன்று பிறக்கிறது, அல்லது கூர்மையடைகிறது.

அந்த 2018 செப்டெம்பரில் நடந்த ஒன்று என் மனத்தை விட்டு அகல்வதில்லை. மயாமி அணியின் தடுப்பாட்டக்காரர் வில்லியம் ஹேய்ஸ், எதிரணியின் டெரெக் காரைப் பிடித்து வீழ்த்தினார். வீழ்த்தும் கணத்தில் தன் பாரம் காரின்மேல் விழக்கூடாதென்று உடம்பைத் திருப்பி விலகப் பார்த்தார். அவருடைய கால் புல்லில் சிக்கி முழங்கால் தசைநார் அறுந்தது. பருவத்தின் எஞ்சிய ஆட்டங்கள் எல்லாம் அவருக்கு இல்லாமல் போயின. அவர் விலகப் பார்த்ததன் விளைவே இது என்று பயிற்றுநரே சொன்னார். நூற்றுப்பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட ஒரு மனிதன் பாய்ந்துகொண்டிருக்கையில், அந்தரத்தில் தன் பாரத்தை எங்கே இறக்குவது என்று தீர்மானிக்க வேண்டும் என எதிர்பார்க்கிறோம். அவன் அதை மதித்தான், காயம் இடம்மாறியது. குவார்ட்டர்பேக்கின் காலிலிருந்த ஆபத்து தடுப்பாட்டக்காரனின் காலுக்குப் போனது.

பாதுகாப்பு என்று நாம் சொல்வது பல வேளைகளில் ஆபத்தை அழிப்பதில்லை, கைமாற்றுகிறது. யாரிடமிருந்து யாருக்குக் கைமாறுகிறது என்பதைப் பார்த்தால் அந்த விதியின் குணம் தெரிந்துவிடும். விலை கூடியவரிடமிருந்து விலை குறைந்தவருக்குப் போனால் அது காப்புறுதி. வலியவரிடமிருந்து மெலியவருக்குப் போகாமல், வலியவரே தாங்கிக்கொண்டால் அது நீதி. பதினோராவது ஆளைக் காக்கும் கிரிக்கெட் விதியில் எவர் இழக்கிறார்? வேகப்பந்து வீச்சாளர் தன் ஆயுதங்களில் ஒன்றை இழக்கிறார். அவர் கையில் வேறு ஆயுதங்கள் ஏராளம் உண்டு. யோர்க்கர் போட்டு ஸ்டம்பைப் பெயர்க்க அவரை எவரும் தடுக்கவில்லை.

இப்படிச் சொல்லிவிட்டு, அமெரிக்கர் பணத்தைக் காக்கிறார்கள், நாமோ மனிதனைக் காக்கிறோம் என்று மார்தட்டிக்கொள்வது சுலபம். உண்மை அவ்வளவு வசதியாக இல்லை. குவார்ட்டர்பேக் பந்தை எறியும் அந்த அரை விநாடியில் கையை உயர்த்தியபடி, விலாவைத் திறந்து வைத்து, தொலைவில் ஓடுபவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். பக்கவாட்டில் வருபவனை அவர் காண்பதில்லை. அந்தக் கணத்தில் அவர் உண்மையிலேயே நிராயுதபாணி. அந்தக் கணத்துக்குக் காவல் கேட்பதில் தவறில்லை. அதே லீக் பின்னாளில், பந்தைப் பிடிக்க அந்தரத்தில் எழுபவரையும் தற்காப்பற்ற நிலையில் உள்ளவராகக் கருதி விதி செய்தது என்பதையும் மறைக்கக்கூடாது. ஆனாலும் ஒவ்வொரு நகர்விலும் தலையோடு தலை முட்டிக்கொள்ளும் முன்வரிசைக்காரர்களை எண்ணிப் பாருங்கள். மூளைக் காயம் தொடர்பாக முன்னாள் வீரர்கள் ஆயிரக்கணக்கில் வழக்காடி, 2013 இல் 76 கோடியே 50 இலட்சம் டொலருக்கு ஓர் இணக்கம் அறிவிக்கப்பட்ட பின்னர்தான் அவர்களைப் பற்றிய பேச்சு பெரிதாக எழுந்தது. குவார்ட்டர்பேக்கின் முழங்காலுக்கு ஓர் ஆண்டில் விதி வந்ததை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

நமது கிரிக்கெட்டின் கதையும் அப்படியொன்றும் தூயதன்று. 1932-33 இல் டக்ளஸ் ஜார்டினின் இங்கிலாந்து அணி அவுஸ்திரேலியாவில் உடம்பைக் குறிவைத்துப் பந்து வீசியது, அதற்கு எதிராகவே முதல் விதிகள் எழுந்தன. அந்த உத்தி யாரை முன்னிட்டு உருவாக்கப்பட்டது? உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரரான பிரட்மனை முன்னிட்டு. அடிலெயிட்டில் மண்டையோடு வெடித்தது விக்கெட் காப்பாளர் ஓல்ட்ஃபீல்டுக்கு. அரசுகளின் உறவே கசக்கும் அளவுக்குக் கொந்தளிப்பு எழுந்தது பிரட்மன் இருந்ததால்தான் என்று நினைக்கிறேன். 1991 இல் ஓர் ஓவரில் ஒரு துடுப்பாட்டக்காரருக்கு ஒரு பவுன்சர் மட்டுமே என்ற கட்டுப்பாடு வந்தபோது (1994 இல் அது ஓவருக்கு இரண்டாயிற்று), மேற்கிந்தியத் தீவினர் பலர் அதைத் தங்கள்மேல் தொடுக்கப்பட்ட விதியாகவே பார்த்தார்கள். லில்லியும் தொம்சனும் எறிந்தபோது வராத இரக்கம் கறுப்பர் நால்வர் எறியும்போது எப்படி வந்தது என்ற அவர்களுடைய கேள்வியைப் புறந்தள்ளிவிட முடியாது.

தொம்சனின் பெயர் வந்துவிட்டது. 1975 ஜூன் 11 ஆம் திகதி லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்ததை இலங்கையர் எவரும் மறப்பதற்கில்லை. முதலாவது உலகக்கிண்ணம். டெஸ்ட் தகுதி இன்னும் கிடைக்காத இலங்கை, 329 என்ற இலக்கைத் துரத்தியது. தலைக்கவசம் என்பது இல்லாத காலம். தொம்சன் வீசிய பந்து துலீப் மெண்டிஸின் தலையில் பட்டது. சுனில் வெத்தமுனியின் பாதத்தை இன்னொரு பந்து பதம் பார்த்தது. இருவரும் ஆட்டத்தைத் தொடர முடியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். இலங்கை 276 ஓட்டங்களுடன் நான்கு விக்கெட்டுகளை மட்டுமே இழந்து, மானத்தோடு தோற்றது. அந்த இருவரும் கடைசி ஆட்கள் அல்லர், தேர்ந்த துடுப்பாட்டக்காரர்கள். மெண்டிஸ் 1982 இல் சென்னை டெஸ்டின் இரு இன்னிங்ஸிலும் 105, 105 என்று சதமடித்தார். ஆனால் அன்றைய ஓவலில், உலகின் அதிவேகப் பந்தை அதற்குமுன் சந்தித்திராத ஒரு முழு அணியும் பதினோராவது ஆளின் இடத்தில்தான் நின்றது. திறமை என்பது தனியொருவரின் கையில் மட்டும் இல்லை. எந்த மைதானத்தில், எந்தப் பந்துக்கு, எந்தப் பயிற்சியோடு வளர்ந்தார் என்பதிலும் அது இருக்கிறது. கொழும்பின் பெரிய பாடசாலையில் இயந்திரம் எறியும் பந்துக்குப் பழகிய பிள்ளையையும், மற்றிங் விரித்து வாரத்தில் இரண்டு நாள் பழகும் நமது பிள்ளையையும் ஒரே அளவுகோலால் அளக்கும் நடுவர் சட்டத்தைப் பாதிதான் படித்திருக்கிறார்.

சட்டமும் நடுவரும் கைவிட்டபோது அணித்தலைவர் ஒருவர் என்ன செய்யலாம் என்பதற்கு பிஷன் சிங் பேடி விடை சொன்னார். 1976 ஏப்ரலில் கிங்ஸ்டனின் சபைனா பார்க்கில், மேலும் கீழுமாக எழும்பும் ஆடுகளத்தில், மேற்கிந்தியத் தீவுகள் பவுன்சர் மழை பொழிந்தது. அன்ஷுமான் கெய்க்வாட்டின் காதில் அடி. விஸ்வநாத்தின் விரல் முறிந்தது. பிரிஜேஷ் படேலின் வாயில் அடி. ஆறு விக்கெட்டுகள் மட்டுமே வீழ்ந்திருந்த நிலையில் 306 ஓட்டங்களோடு பேடி முதல் இன்னிங்ஸை இடைநிறுத்தினார். தானும் சந்திரசேகரும் அந்தப் பந்துகளுக்கு முன்னால் நிற்கத் தேவையில்லை என்பதே காரணம். இரண்டாம் இன்னிங்ஸில் ஐந்து விக்கெட்டுகள் வீழ்ந்து 97 இல் ஆட்டம் முடிந்தது. எஞ்சிய ஐவரின் பெயருக்கு எதிரேயும் 'காயத்தால் வரவில்லை' என்று பதிவாயிற்று. மேற்கிந்தியருக்குத் தேவைப்பட்ட 13 ஓட்டங்கள் சிரமமில்லாமல் கிடைத்தன. கோழைத்தனம் என்று அன்று சொன்னவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தனக்குத் தெரியாத வேலையைச் செய்யும்படி விளையாட்டு கட்டாயப்படுத்துகிறது என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா, அந்தக் கட்டாயத்தை ஏற்க மறுக்கும் உரிமையை வெளிப்படையாகப் பயன்படுத்தியவர் பேடி. அதற்கு அவர் ஒரு டெஸ்டையே விலையாகக் கொடுத்தார்.

இங்கேதான் 'விருப்பத்தோடு வந்தவன்' என்ற வாதத்துக்குப் பதில் இருக்கிறது. விளையாட வந்தவன் அடிபடவும் சம்மதித்தவன்தானே என்று கேட்பார்கள். எதற்குச் சம்மதித்தான்? குவார்ட்டர்பேக்காக ஆட வந்தவர் குவார்ட்டர்பேக்கின் ஆபத்துகளுக்குச் சம்மதித்தவர், அந்த வேலை அவருக்குத் தெரியும், அதற்கே கூலி வாங்குகிறார். சந்திரசேகர் சம்மதித்தது பந்து வீசுவதற்கு. போலியோவால் மெலிந்த வலக்கையைக் கொண்டே உலகத்தை மிரட்டிய அந்த மனிதரின் துடுப்பாட்டம் எல்லோரும் அறிந்த பரிதாபம். அவர் துடுப்பெடுத்தாட வந்தது விருப்பத்தால் அன்று, விதியால். விதி ஒருவனை அவனுடைய இயலாமைக்குள் தள்ளுமானால், அங்கே அவனைக் காக்கும் கடமையும் அந்த விதியையே சாரும். என் பார்வையில் பதினோராவது ஆளுக்குரிய பாதுகாப்பின் வேர் இரக்கத்தில் இல்லை, இந்தக் கடமையில் இருக்கிறது. ஆகவே அது சலுகையும் அன்று.

பாதுகாப்பு துஷ்பிரயோகம் செய்யப்படும் என்ற ஆட்சேபத்தை இலேசாகக் கருத முடியாது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்பட்டவருக்குப் பதிலாக வேறொருவரை இறக்கலாம் என்ற விதியை ஐ.சி.சி. 2019 இல் கொண்டுவந்தது. அவ்வாண்டு ஓகஸ்டில் லோர்ட்ஸில் ஸ்டீவ் ஸ்மித்துக்குப் பதிலாக மார்னஸ் லபுஷேன் இறங்கினார். 2020 டிசெம்பரில் கன்பெராவில், சேலம் மாவட்டத்து நடராஜன் முதன்முதலாகச் சர்வதேச இருபது ஓவர் ஆட்டத்தில் ஆடிய அன்று, துடுப்பெடுத்தாடுகையில் ஜடேஜாவின் தலைக்கவசத்தில் பந்து பட்டது. இந்தியாவின் களத்தடுப்பு தொடங்கும்போது அவருக்குப் பதிலாகச் சாஹல் வந்து மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தி ஆட்டநாயகனாகவும் ஆனார். அவுஸ்திரேலியர் முகம் சுளித்தார்கள். 2025 ஜனவரியில் புனேயில் சிவம் துபேக்குப் பதிலாக வேகப்பந்து வீச்சாளர் ஹர்ஷித் ராணா வந்தபோது ஜோஸ் பட்லர் வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். சந்தேகம் நியாயமானதாகவே இருக்கட்டும். சிறுவயதில் நாம் ஆடிய கிளித்தட்டில் நடுவரே கிடையாது. கால் இடறிவிட்டது என்று அளாப்பித் தப்பியவனும் இருந்தான், உண்மையிலேயே கால் இடறியவனும் இருந்தான். அளாப்புகிறவனுக்குப் பயந்து, விழுந்தவனைத் தூக்கக்கூடாது என்று எவரும் விதி செய்யவில்லை.

இன்னொரு சிக்கல் நோக்கம் பற்றியது. 2014 நவம்பர் 25 ஆம் திகதி சிட்னியில் ஷோன் அபொட்டின் பவுன்சர் பிலிப் ஹியூஸின் கழுத்தோரம் பட்டது. இரண்டு நாள் கழித்து அவர் இறந்தார். 63 ஓட்டங்களுடன் நன்றாக நிலைத்து ஆடிக்கொண்டிருந்த தேர்ந்த துடுப்பாட்டக்காரர் அவர். 2016 இல் முடிந்த மரண விசாரணை எவர்மேலும் குற்றம் காணவில்லை. அது சரியே. 2015 ஜூலையில் இங்கிலாந்தின் சரே பகுதியில், பிரித்தானியத் தமிழர் லீக் ஆட்டமொன்றில், யாழ்ப்பாணத்து உறவுகள் சூழ்ந்து நிற்க, ஓர் இளைஞர் நெஞ்சில் பந்துபட்டு இறந்துபோனார். அங்கும் குற்றவாளி என்று எவரும் இல்லை. இவை விதியால் முழுமையாகத் தடுக்கக்கூடியவை அல்ல. ஆனால் 41.6 ஆம் பிரிவு பந்துவீச்சாளரின் மனத்தைத் துருவவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் கெட்டவனா என்று அது கேட்பதில்லை, எதிரே நிற்பவனால் இந்தப் பந்தைச் சமாளிக்க முடியுமா என்றே கேட்கிறது. ஆகவே நோ போல் என்று கை நீட்டும் நடுவர் எவரையும் குற்றவாளியாக்கவில்லை. அமெரிக்க மத்தியஸ்தர்களின் சங்கடம் இதற்கு மாறானது. 2022 ஒக்டோபரில் கிரேடி ஜரெட், பிராடியைச் சாதாரணமாகப் பிடித்து வீழ்த்தியதற்கும் தண்டனை விழுந்து, அந்தத் தண்டனையோடு ஆட்டமே கைநழுவிப்போனது. அங்கே மத்தியஸ்தர் அளந்தது எதிரே நின்றவரின் இயலாமையை அல்ல, அவருடைய பெயரின் கனத்தை என்றே பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

நமது மைதானங்களுக்கு வருவோம். பாடசாலை ஆட்டங்களில் நடுவராக நிற்பவர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர், அல்லது ஆசிரியர். இரண்டு அணியிலும் அவருக்குத் தெரிந்த பிள்ளைகள் இருப்பார்கள். திறமையைக் கருத்திற்கொள் என்ற வாசகத்தைப் பயன்படுத்தினால், பக்கம் சாய்ந்துவிட்டார் என்ற பேச்சு மாலைக்குள் ஊரெல்லாம் பரவும். அதனால் அவர் பேசாமல் நிற்கிறார். பார்வையாளர் சத்தமிடட்டும், பந்துவீசும் பிள்ளைக்கு மனம் இருந்தால் அடக்கி வீசட்டும் என்று விட்டுவிடுகிறார். தன் கடமையை அவர் பதினேழு வயதுப் பிள்ளையின் மனச்சாட்சிக்குக் கைமாற்றிவிடுகிறார்.

நாணயம் சுண்டும்போதே இரு தலைவர்களையும் அழைத்து, இன்னின்ன நிலையில் நான் இந்தப் பிரிவைப் பயன்படுத்துவேன் என்று சொல்லிவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். முதல் பந்து வீசப்படுவதற்கு முன்னரே சொல்லப்பட்டது எந்த அணிக்கும் எதிரானதாகாது. அந்தப் பதினோராவது பிள்ளைக்கு இது அவமானமாக இருக்காதா என்று கேட்கலாம். இருக்கலாம். அவனிடமே கேட்டால், "போடட்டும் சேர், நான் சமாளிப்பன்" என்றுதான் சொல்வான், பதினைந்து வயதில் வேறெதையும் சொல்லமாட்டான். ஆகவே அவனிடம் கேட்கக்கூடாது. சட்டமும் அவனிடம் கேள் என்று சொல்லவில்லை, நடுவர் பார்த்துத் தீர்மானிக்கட்டும் என்றே சொல்கிறது. கூடவே, அவன் தலைக்குப் பொருந்தும் ஒரு தலைக்கவசத்தையும் யாராவது வாங்கிக் கொடுக்கலாம்.